வரிக் கணக்குக்கு ஏபிஐ கீ கேட்கிறார்கள்: எந்த அனுமதியைக் கொடுக்கலாம்?

சாட்ஸ்வொர்த் மருமகன் (டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். என் மாமனார் சில வருஷங்களாக இங்குள்ள ஒரு எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்தில்) பிட்காயினும் ஈத்தரும் வாங்கி வைத்திருக்கிறார். பிப்ரவரிக் கடைசியோடு வரி ஆண்டு முடிகிறதே, சார்ஸுக்கு (தென்னாப்பிரிக்க வரித் துறைக்கு) கணக்குக் காட்ட ஒரு கணக்காளரைப் பிடித்தார். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி: "அங்கிள், ஏபிஐ கீ ஒன்று உருவாக்கி, எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு, கீயையும் சீக்ரெட்டையும் எனக்கு அனுப்பிவிடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

ஏபிஐ கீ என்றால் வேறொரு மென்பொருள் நம் எக்ஸ்சேஞ்ச் கணக்கைத் தொடத் தரும் சாவி, சீக்ரெட் அதோடு வரும் ரகசிய எழுத்துத் தொடர், ஒவ்வொரு கட்டமும் ஒரு அனுமதி. எல்லாக் கட்டத்திலும் டிக் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாமனாரிடம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுக் கணக்கைத் திறந்து பார்த்தேன். அங்கே ஏற்கெனவே நான்கு கீ இருக்கின்றன. ஒன்று "பாட்". இன்னொன்று "பாட் புதுசு". மூன்றாவது "டெஸ்ட்". நான்காவதற்குப் பெயரே இல்லை. மைத்துனர் அதே கணக்கில் ஒரு டிரேடிங் பாட் (தானாக வாங்கி விற்கும் நிரல்) ஓட்டுகிறார், முதல் இரண்டும் அவருடையவை என்கிறார். மற்ற இரண்டையும் பற்றி வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

வரிக் கணக்குக்கு என்ன அனுமதி போதும்? பாட்டுக்கு என்ன? அந்த இரண்டு அநாதைக் கீகளை என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிட்ராண்ட் தேவி

முதலில் மாமனாரிடம் அந்தக் கணக்காளருக்கு எதையும் அனுப்ப வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய போன் நாளைக்குத் தொலைந்தால் அந்த வாட்ஸ்அப் செய்தியை யார் படிப்பார்கள் என்பதுதான் கேள்வி. கீயும் சீக்ரெட்டும் கையில் இருந்தால் போதும், பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். டூ-ஃபேக்டர் (பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பு) போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கீயை உருவாக்கும்போதுதான் டூ-ஃபேக்டர் கேட்கும். அதன் பிறகு அந்தக் கீயோடு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்சேஞ்ச் உங்கள் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும்.

வரிக்கு வேண்டியது பார்க்கும் அனுமதி மட்டும். லூனோ எக்ஸ்சேஞ்சில் இருப்பைப் பார்ப்பது, பரிவர்த்தனைகளைப் பார்ப்பது, ஆர்டர் போடுவது, காயின் அனுப்புவது, பணம் எடுப்பது எல்லாம் தனித்தனி அனுமதிகள். வேலரிலும் பார்ப்பது, டிரேடு செய்வது, எடுப்பது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கிராக்கனில் இன்னும் ஒரு படி மேலே போய், இந்தக் கீ எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்குமான விவரத்தைப் பார்க்கலாம், கீ எப்போது காலாவதியாக வேண்டும் என்பதையும் குறிக்கலாம். வரி ஆண்டு மார்ச் 1 முதல் பிப்ரவரிக் கடைசி வரை என்றால், அந்த இடைவெளியை மட்டும் திறந்துவிட முடியும்.

அதைவிட எளிய வழி கீயே கொடுக்காமல் இருப்பது. எக்ஸ்சேஞ்சிலிருந்து பரிவர்த்தனைப் பட்டியலை சிஎஸ்வி ஃபைலாக (எக்செலில் திறக்கும் பட்டியலாக) இறக்கி அவரிடம் கொடுங்கள். மாமனாருடையது வாங்கி வைத்த கணக்கு, பாட் வேறு கொஞ்சம் ஓடியிருக்கிறது. ஒரு சிஎஸ்வியில் அடங்கிவிடும். சார்ஸ் பக்கத்து வேலைக்கு ஈஃபைலிங் என்ற அவர்களின் இணையதளத்திலேயே பதிவு பெற்ற வரி ஆலோசகருக்கு அணுகல் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. எக்ஸ்சேஞ்சுக்குள் அவர் வரவேண்டிய அவசியமே இல்லை.

ஒருவேளை வரி மென்பொருளோடு இணைத்தே ஆக வேண்டுமென்றால், அந்த மென்பொருளில் மாமனார் பெயரில் கணக்குத் தொடங்கி, கீயை நீங்களே உங்கள் கையால் உள்ளிட்டுவிட்டு, கணக்காளரை அதற்குள் அழையுங்கள். சீக்ரெட் அவர் கண்ணில் படவே வேண்டாம்.

கடலோரன் (ரிச்சர்ட்ஸ் பே)

தேவி அக்கா சொல்வது சரிதான், ஆனால் கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது. பணம் எடுக்கும் அனுமதியை அணைத்துவிட்டால் ஆபத்து முடிந்தது இல்லையா? நான் என் கீயில் டிரேடு மட்டும்தான் வைத்திருக்கிறேன். திருடினாலும் திருடன் என்ன செய்வான்? வாங்குவான், விற்பான். காயின் என் கணக்கிலேதானே இருக்கும்?

மிட்ராண்ட் தேவி

கடலோரன் தம்பி, இதைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். டிரேடு அனுமதி மட்டும் இருந்தாலும் கணக்கைக் காலி செய்ய முடியும்.

எப்படியென்றால், யாரும் அதிகம் தொடாத ஒரு சின்னக் காயினைத் திருடன் முன்கூட்டியே மலிவாக வாங்கி வைத்துக்கொள்கிறான். விலை 2 ராண்ட் என்று வையுங்கள். அதைத் தன் சொந்தக் கணக்கிலிருந்து 40 ராண்டுக்கு விற்பதாக ஆர்டர் போடுகிறான். அந்த விலைக்கு எவனும் வாங்க மாட்டான். அப்புறம் உங்கள் கீயை எடுத்து, உங்களிடம் உள்ள பிட்காயினை விற்று, வந்த பணத்தில் அவன் போட்ட 40 ராண்ட் ஆர்டரை உங்கள் கணக்கைக் கொண்டே வாங்க வைக்கிறான். உங்கள் கையில் 2 ராண்ட் பெறுமான காயின், அவன் கையில் உங்கள் பணம். எடுக்கும் அனுமதி தேவையே படவில்லை. எக்ஸ்சேஞ்சின் பதிவில் அது வெறும் டிரேடு.

இது கற்பனை இல்லை. 2018 மார்ச் 7 அன்று பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சில் நடந்தது இதேதான். வயாகாயின் என்ற சின்னக் காயினின் விலை இரண்டே நிமிஷத்தில் வானத்துக்குப் போனது. பலருடைய பிட்காயினைக் கொண்டு அதை வாங்கித் தள்ளினார்கள். மறுபக்கத்தில் 31 கணக்குகளில் வயாகாயினைத் தயாராக வைத்துக்கொண்டு விற்றார்கள். பைனான்ஸின் தானியங்கிக் கண்காணிப்பு சந்தேகப்பட்டு உடனே எல்லோருடைய பணம் எடுப்பையும் நிறுத்தியதால்தான் அவர்களால் எதையும் வெளியே கொண்டுபோக முடியவில்லை.

அதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர்கள் ஜனவரியிலிருந்தே போலித் தளம் வைத்துப் பாஸ்வேர்டுகளைச் சேகரித்தார்கள். முகவரியில் இரண்டு எழுத்தின் கீழே சிறு புள்ளி, அவ்வளவுதான் வித்தியாசம். அப்படிக் கிடைத்த ஒவ்வொரு கணக்கிலும் நுழைந்து, ஒரு டிரேடிங் ஏபிஐ கீயை உருவாக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள். ஒரு ஆர்டர் கூடப் போடவில்லை. அந்த மார்ச் நாள் வரை அந்தக் கீகள் உறங்கிக் கிடந்தன. கணக்குக்காரர்கள் யாராவது தங்கள் ஏபிஐ பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால், தாங்கள் உருவாக்காத ஒரு கீயைக் கண்டிருப்பார்கள்.

சாட்ஸ்வொர்த் மருமகன், பெயரில்லாத அந்த நான்காவது கீயைப் பற்றி நீங்கள் எழுதியதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

கடலோரன்

இதை நான் யோசித்ததே இல்லை, அக்கா. நன்றி. ஆனால் நான் போலித் தளத்துக்குப் போகாமல் கவனமாக இருந்தால்?

மிட்ராண்ட் தேவி

நீங்கள் கவனமாக இருந்தாலும், கீயைக் கொடுத்து வைத்த இடம் கவனமாக இருக்க வேண்டுமே. 3காமாஸ் என்ற பாட் சேவை நினைவிருக்கிறதா? 2022 அக்டோபரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சில் கணக்கு வைத்திருந்த அதன் பயனர்கள் சிலருடைய பணம், டிஎம்ஜி என்ற சின்னக் காயினை வாங்கி விற்றே போனது. பயனர்கள் எங்கேயோ ஏமாந்திருக்கிறார்கள் என்றுதான் நிறுவனம் முதலில் சொன்னது. டிசம்பரில் சுமார் 1,00,000 கீகளைப் பெயர் சொல்லாத ஒருவர் இணையத்தில் கொட்டிய பிறகுதான், கசிவு தங்கள் பக்கத்தில் என்று ஒப்புக்கொண்டார்கள். பயனர்களில் பலர் உங்களைப் போலவே எடுக்கும் அனுமதியை அணைத்து வைத்தவர்கள்.

பீனிக்ஸ் நெட்வொர்க்

இந்த இடத்தில் ஐபி (இணைய இணைப்பின் முகவரி) பூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கீ கசிந்தாலும் குறிப்பிட்ட ஐபி முகவரியிலிருந்து வந்தால்தான் செல்லும் என்று கட்டிவிட்டால், வேறெங்கிருந்தும் அதைப் பயன்படுத்த முடியாது. தேவி சொன்ன 3காமாஸ் கதையைப் போலக் கீ கசியும் இடங்களில் பெரும்பாலான சேதத்தை அது தடுக்கும். பைனான்ஸ் கதையில் கீயைத் திருடர்களே உருவாக்கியதால் அங்கே அது உதவியிருக்காது. இன்னொரு விதிவிலக்கு: கீயை வைத்திருக்கும் சேவையின் சர்வருக்குள்ளேயே ஆள் புகுந்துவிட்டால் ஐபி பூட்டும் உதவாது.

எக்ஸ்சேஞ்சுகளும் இதை நோக்கித்தான் தள்ளுகின்றன. பைபிட்டில் ஐபி கட்டாத கீக்கு மூன்று மாதம்தான் ஆயுள். ஓகேஎக்ஸில் டிரேடு அல்லது எடுக்கும் அனுமதியோடு ஐபி இல்லாமல் விட்ட கீ 14 நாள் பயன்படாமல் கிடந்தால் தானாக அழிந்துவிடும். உள்ளூர் எக்ஸ்சேஞ்சில் அப்படிக் கெடு இல்லையென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரன்

ஐயா, ஐபி பூட்டு நானும் போட்டுப் பார்த்தேன். லோட் ஷெடிங் (முறை வைத்த மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது ஃபைபர் பெட்டி அணையும், ரவுட்டர் சிம் கார்டுக்கு மாறும், ஐபி மாறும், பாட் அப்படியே நின்றுவிடும். மின்சாரம் வந்த பிறகு ஃபைபரிலும் வேறொரு ஐபி. கடைசியில் பூட்டை எடுத்துவிட்டேன். இப்போதும் எங்கள் பகுதியில் கேபிள் திருட்டால் மின்சாரம் போகத்தான் செய்கிறது.

பீனிக்ஸ் நெட்வொர்க்

இது நம் ஊரில் பலருக்கும் உள்ள சிக்கல். மொபைல் டேட்டாவில் உங்களுக்கென்று தனி ஐபி கிடையாது. ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அந்த நெட்வொர்க்கின் எத்தனையோ பேர் இருப்பார்கள். அதனால் சிம்மின் ஐபியையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், அது பூட்டே இல்லை.

பாட்டை வீட்டில் ஓட்டாதீர்கள். சின்ன விபிஎஸ் (டேட்டா சென்டரில் எப்போதும் ஓடும் சர்வர்) ஒன்று வாடகைக்கு எடுங்கள். அமேசானுக்குக் கேப் டவுனில் 2020 முதல் டேட்டா சென்டர் இருக்கிறது, மைக்ரோசாஃப்டுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் 2019 முதல். உள்ளூர் நிறுவனங்களும் தருகின்றன. மாறாத ஐபி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அமேசானில் அதைத் தனியாக ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் மெஷினை நிறுத்தி மறுபடி தொடங்கும்போது ஐபி மாறிவிடும். அந்த ஐபியை மட்டும் கீயில் கட்டுங்கள். விபிஎஸ்ஸுக்குள் நுழைய பாஸ்வேர்டு வேண்டாம், எஸ்எஸ்ஹெச் கீ (உங்கள் கணினியில் இருக்கும் சாவி ஃபைல்) மட்டும். பூட்டிய கதவின் சாவி இப்போது அந்த மெஷினில் இருக்கிறது, ஆகவே அதையும் காப்பாற்ற வேண்டும்.

இன்னொன்று. பாட்டுக்குத் துணைக் கணக்கு ஒன்று திறந்து, அது வேலை செய்யத் தேவையான தொகையை மட்டும் அதில் போடுங்கள். வேலரில் துணைக் கணக்கு வசதி இருக்கிறது, பெரிய எக்ஸ்சேஞ்சுகள் பலவற்றிலும் உண்டு. துணைக் கணக்கில் உருவாக்கிய கீக்குப் பெரிய கணக்கின் பணம் எட்டாது. மாமனாரின் சேமிப்பும் மைத்துனரின் பாட்டும் ஒரே கணக்கில் இருப்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது.

லெனேசியா வாசகி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். "உங்கள் கீயைக் கொடுங்கள், நாங்களே டிரேடு செய்து லாபத்தில் பங்கு எடுத்துக்கொள்கிறோம்" என்று டெலிகிராமில் என் தம்பியைக் கேட்கிறார்கள். எடுக்கும் அனுமதி வேண்டாம், அதனால் பயமில்லை என்றும் சொல்கிறார்கள். மேலே படித்ததும் புரிந்துவிட்டது. ஆனால் சட்டப்படி இது சரியா?

பீனிக்ஸ் நெட்வொர்க்

சகோதரி, 2022 அக்டோபரில் எஃப்எஸ்சிஏ (இங்குள்ள நிதித் துறைக் கண்காணிப்பு ஆணையம்) கிரிப்டோவை நிதிப் பொருளாக அறிவித்துவிட்டது. அடுத்தவர் பணத்தைத் தன் விருப்பப்படி வர்த்தகம் செய்து கொடுக்கிறவருக்கு உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பெயரை எஃப்எஸ்சிஏ தளத்தில் தேடிப் பார்க்கலாம். அங்கே இல்லாதவருக்குக் கீ கொடுக்கவே கூடாது. மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் என்ற பிட்காயின் முதலீட்டு மோசடி 2020 கடைசியில் கவிழ்ந்தபோது நம் ஆட்கள் பலர் போட்டதை இழந்தார்கள். அங்கே நேராகப் பிட்காயினையே கொடுத்தார்கள், இங்கே கீ கேட்கிறார்கள். பேச்சு ஒன்றுதான். தம்பியை அந்தக் குழுவிலிருந்து வெளியே வரச் சொல்லுங்கள்.

வேளாளர் தெரு டெவலப்பர் (கேப் டவுன்)

சீக்ரெட்டை எங்கே வைப்பது என்பதை யாரும் இன்னும் தொடவில்லை. மைத்துனர் பாட்டின் நிரலுக்குள்ளேயே கீயை எழுதி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அந்த நிரலை கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றினால் ஓரிரு நிமிஷத்தில் தானியங்கி வலைகள் அதை அள்ளிவிடும். பிறகு அந்த வரியை அழித்தாலும் கிட் (நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கருவி) வைத்திருக்கும் பழைய பதிவில் அது இருந்துகொண்டே இருக்கும். ஒருமுறை வெளியே போன கீயை எக்ஸ்சேஞ்சிலேயே நீக்கிப் புதிது எடுப்பதுதான் வழி. தனி ஃபைலில் வைத்து, அந்த ஃபைல் கிட்டுக்குள் போகாமல் விலக்கி வையுங்கள். மனிதர் கண்ணுக்கு வேண்டிய பிரதி பாஸ்வேர்டு மேனேஜரில் இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து போன் கேலரியில் வைப்பது வேண்டாம், அது கூகுள் ஃபோட்டோஸ் வரை போகும்.

பைத்தான் லைப்ரரி நிறுவும்போது பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். 2025-ல் சிசிஎக்ஸ்டி என்ற பிரபலமான லைப்ரரியின் துணைப் பொதி போல வேஷம் போட்ட ஒன்று பைபிஐ என்ற பைத்தான் பொதிக் களஞ்சியத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. மெக்ஸ்சி எக்ஸ்சேஞ்சுக்குப் போகவேண்டிய ஆர்டர்களைத் திருடனின் சர்வருக்குத் திருப்பிவிட்டது அது. ஐபி பூட்டு இருந்தாலும் இந்த மாதிரி உள்ளிருந்து வருவதை அது தடுக்காது.

வசதி இருந்தால் ஈடி25519 வகைக் கீயைப் பயன்படுத்துங்கள், பைனான்ஸில் இருக்கிறது. அதில் ரகசியப் பகுதியை நீங்களே உங்கள் மெஷினில் உருவாக்குகிறீர்கள். எக்ஸ்சேஞ்சிடம் போவது பொதுப் பகுதி மட்டும்.

சாட்ஸ்வொர்த் மருமகன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மைத்துனரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு கீயாகத் திறந்தோம். "டெஸ்ட்" என்பது அவர் பாட் தொடங்கிய காலத்தில் போட்டது. பார்ப்பது, டிரேடு, எடுப்பது மூன்றும் திறந்து இருந்தது, ஐபி கட்டவில்லை. பெயரில்லாத கீயில் பார்ப்பதும் டிரேடும். ஐபி இல்லை. அதை யார் உருவாக்கினார்கள் என்று இப்போதும் தெரியவில்லை. இருப்பு சரியாக இருக்கிறது, ஒன்றும் குறையவில்லை. எந்த வரிசையில் என்ன செய்வது?

மிட்ராண்ட் தேவி

யார் உருவாக்கினார்கள் என்று தெரியாத கீ இருக்கிறதென்றால், யாரோ கணக்குக்குள் வந்துபோயிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அந்தப் பக்கத்தை முதலில் படம் பிடித்து வையுங்கள்: கீ உருவான தேதி, கடைசியாகப் பயன்பட்ட நேரம் காட்டினால் அதுவும். உடனே நான்கு கீகளையும் நீக்குங்கள், மைத்துனரின் பாட் ஒரு நாள் நின்றால் நிற்கட்டும். கீயை நீக்கியதும் அது போட்ட ஆர்டர்களும் போய்விட்டன என்று எண்ணாதீர்கள். திறந்திருக்கும் ஆர்டர் பக்கத்துக்குப் போய் நீங்கள் அறியாதது எதுவோ அதை ரத்து செய்யுங்கள். அப்புறம் எடுக்கும் முகவரிப் பட்டியல். தெரியாத முகவரி சேமிக்கப்பட்டிருக்கிறதா? வங்கிக் கணக்கு மாறியிருக்கிறதா? பின்பு எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறச் செய்து, பாஸ்வேர்டை மாற்றுங்கள். டூ-ஃபேக்டர் எஸ்எம்எஸ்ஸில் இருந்தால் ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாற்றுங்கள். நம் ஊரில் சிம் ஸ்வாப் (உங்கள் எண்ணைத் திருடனின் சிம்முக்கு மாற்றிக்கொள்வது) எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். கணக்கோடு இணைந்த ஈமெயிலுக்கும் இதையே செய்ய வேண்டும், ஏனென்றால் கீ உருவான அறிவிப்பு அங்கேதான் வந்திருக்கும். குப்பைக் கூடையிலும் ஃபில்டரிலும் தேடுங்கள். எக்ஸ்சேஞ்சின் மெயிலைத் தானாக அழிக்கும்படி யாராவது ஃபில்டர் போட்டிருந்தால் கதை வேறு.

எக்ஸ்சேஞ்சின் உதவிப் பிரிவுக்கு அந்தப் படத்தோடு எழுதி, கீ எந்த ஐபியிலிருந்து உருவாக்கப்பட்டது என்று கேளுங்கள். வெளி ஆள் என்று தெரிந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்கிக்கொள்ளுங்கள். சைபர் குற்றச் சட்டத்தின் பெரும்பகுதி 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, பணம் போகாவிட்டாலும் அத்துமீறி நுழைந்ததே குற்றம். மாமனாரின் அடையாள எண்ணை எஸ்ஏஎஃப்பிஎஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பில் பாதுகாப்புப் பதிவு செய்துவிடுங்கள், இலவசம்தான்.

பீனிக்ஸ் நெட்வொர்க்

புதிதாகப் பாட் தொடங்கும்போது கண்காணிப்பையும் சேர்த்தே அமையுங்கள். நான் செய்வது இது: பாட் போடும் ஒவ்வொரு ஆர்டருக்கும் நாமே ஒரு அடையாளம் கொடுக்கலாம், பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளின் ஏபிஐயில் அதற்கு இடமிருக்கிறது. என் பாட்டின் அடையாளங்கள் எல்லாம் ஒரே மூன்றெழுத்தில் தொடங்கும். வேறொரு மெஷினில், பார்க்கும் அனுமதி மட்டும் உள்ள இன்னொரு கீயோடு ஒரு சின்ன நிரல் ஓடுகிறது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஆர்டர் பட்டியலை எடுத்து, அந்த மூன்றெழுத்து இல்லாத ஆர்டர் ஒன்று கண்ணில் பட்டாலும் டெலிகிராமில் எனக்குச் செய்தி அனுப்பும். என் பட்டியலில் இல்லாத காயின் இருப்பில் வந்தாலும் அனுப்பும். வயாகாயின் மாதிரி ஒன்று நடந்தால் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

கண்காணிக்கும் கீயையும் டிரேடு கீயையும் ஒன்றாக்காதீர்கள். வேலைக்கு ஒரு கீ, பெயரில் வேலையும் மாதமும் இருக்கட்டும். "பாட் புதுசு" என்ற பெயர் அடுத்த வருஷம் யாருக்கும் எதையும் சொல்லாது.

பார்க்கும் கீதானே என்று அதையும் எங்கும் வைத்துவிட வேண்டாம். ஒருவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தாலே அவரைக் குறிவைப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த் மருமகன்

நான்கையும் நீக்கிவிட்டோம். தெரியாத முகவரி எதுவும் இல்லை, ஈமெயிலில் ஃபில்டரும் இல்லை. எக்ஸ்சேஞ்ச் பதில் எழுதியது: பெயரில்லாத கீ உருவானது மைத்துனர் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தின் ஐபியிலிருந்து, அவர் அங்கே இருந்த காலத்தில். ஏதோ ஒரு பாட் சேவையை இலவசமாகச் சோதித்துப் பார்த்தபோது போட்டிருக்க வேண்டும் என்கிறார். அந்தச் சேவையிடம் அந்தக் கீ இத்தனை காலம் இருந்திருக்கிறது. பாட்டுக்குத் துணைக் கணக்கு திறந்து, விபிஎஸ்ஸும் எடுத்தாகிவிட்டது.

கணக்காளரிடம் சிஎஸ்வி தருகிறேன் என்றேன். அவரும் சரி என்று உடனே ஒத்துக்கொண்டார். எல்லோரிடமும் எல்லா டிக்கும் கேட்பதே வழக்கமாகிவிட்டது என்றார், இனி மாற்றுவதாகவும் சொன்னார்.

கடைசியாக ஒரு கேள்வி: சிஎஸ்வி கொடுத்த பிறகு அந்த ஃபைலை வைத்திருக்க வேண்டுமா, அழித்துவிடலாமா?

மிட்ராண்ட் தேவி

வைத்திருங்கள். கணக்குச் சமர்ப்பித்த நாளிலிருந்து 5 வருஷத்துக்கு ஆதாரத்தை வைத்திருக்க வேண்டும் என்பது சார்ஸ் விதி. எக்ஸ்சேஞ்ச் மூடினாலும், மாமனார் கணக்கை முடித்துக்கொண்டாலும் ஆதாரம் காட்டவேண்டியது அவர்தான். துணைக் கணக்கின் பட்டியலைத் தனியாக இறக்க வேண்டியிருக்கும், பல எக்ஸ்சேஞ்சுகளில் பெரிய கணக்கின் சிஎஸ்வியில் அது சேர்ந்து வராது.